போணியாகாத துப்பாக்கிக் கடை

என் அப்பா துப்பாக்கி வியாபாரி. நான்காம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். வகுப்பே அடங்கிப்போனது. டீச்சர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, "உங்கப்பா போலீஸா பாப்பா?" என்று கேட்டார். "இல்ல டீச்சர், திருவிழாவுல விப்பாக" என்றேன். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

பொட்டு வெடி வைத்துச் சுடுவது, மஞ்சள் பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடுவது, சுடவே சுடாமல் சிவப்பு விளக்கு மட்டும் எரிவது என்று எல்லாத் துப்பாக்கிகளும் அப்பாவிடம் இருந்தன. இவை போக, பலூன்களை வரிசையாகக் கட்டிய ஒரு பலகையும் அதைச் சுட ஒரு நீளத் துப்பாக்கியும் உண்டு. பங்குனியில் ஆரம்பித்து ஆடி முடிய, அருப்புக்கோட்டையைச் சுற்றி எந்த ஊரில் அம்மன் கோயில் பொங்கல் திருவிழா சாட்டினாலும் அப்பா மூட்டையோடு போய் இறங்கிவிடுவார். தேர்தல் நேரத்தில் ஒருமுறை பாலவனத்தம் பக்கம் பஸ்ஸை மறித்துச் சோதனை போட்ட போலீஸ்காரர்கள், மூட்டையைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்கள். பிறகு அவர்களில் ஒருவர் தன் மகனுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில், அந்தக் காலம் என்றால் ராஜா காலம் என்று நினைத்துவிட வேண்டாம், எனக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் ஒரு பையனுக்குத் துப்பாக்கி வேண்டுமென்றால் ஊர்ப் பொங்கல் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். வருஷம் முழுக்க அவனைப் படிக்க வைப்பதற்கும் ரேஷன் கடைக்கு அனுப்புவதற்கும் அந்தத் துப்பாக்கியைச் சொல்லித்தான் வேலை வாங்குவார்கள். எந்த ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை எதற்கு அழுவான் என்பதெல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. திருவிழாவுக்கு வரும் பையன்களே போனில் ஆர்டர் போட்டு வாங்கிய துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஊறவைத்த ஜவ்வரிசி போன்ற உருண்டைகளை அது படபடவென்று துப்பியது. அதை வைத்தே எங்கள் பலூன்களைச் சுடலாமா என்று ஒருவன் அப்பாவிடம் கேட்டான். பெண்கள் எங்கள் துப்பாக்கியைக் கையில் வாங்கி, போனில் படம் பிடித்து, விலை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். வளையல் கடை, பாத்திரக் கடை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. தின்கிற கடைகள் மட்டும் குறையவில்லை. போனில் சொன்னால் டெல்லி அப்பளத்தைச் சூடாகப் பொரித்து அனுப்ப யாரும் இன்னும் கிளம்பவில்லை.

இதில் எங்கள் வீட்டுக்கு வாய்த்த வேடிக்கை என்னவென்றால், என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, போனில் ஆர்டர் போடும் பார்சல்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. எந்த வேலையிலும் நிலைக்காதவர் என்று பெயர் வாங்கியவர் மாமா. கல்யாணமாகி அத்தை மாசமாகவும் இருந்தார். வேலை கிடைத்த அன்று லட்டு வாங்கி வந்து எல்லார் வாயிலும் ஊட்டிவிட்டவர் அப்பாதான்.

நான் சொல்ல வந்தது வீரசோழன் போகிற வழியில் ஓர் ஊரில் நடந்த பொங்கலைப் பற்றி. பள்ளி விடுமுறை என்பதால் அம்மா என்னையும் அப்பாவோடு அனுப்பினாள். கூட மாட ஒத்தாசைக்கு என்று பேர். உண்மையில் அப்பாவைச் சாப்பிட வைப்பதுதான் என் வேலை. அப்பாவுக்கு வயிற்றுப் புண். ஆனால் போணி ஆகாமல், அதாவது அன்றைய முதல் வியாபாரம் நடக்காமல், அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. வீட்டு ஆட்களும் சொந்தக்காரர்களும் கொடுக்கும் காசு போணியில் சேராது. முந்தின வருஷம் மாமா இரக்கப்பட்டு ஒரு துப்பாக்கி கேட்டபோது, "மாப்ள, ஒங் காசும் எங் காசும் ஒண்ணுதான்" என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று காலையிலேயே பால்குடம் வந்து போனது. அக்கினிச்சட்டி வந்து போனது. கூட்டம் எங்கள் கடையைப் பார்த்தபடியே அப்பளத்துக்குப் போனது. வெயில் உச்சிக்கு ஏறியும் போணி ஆகவில்லை. அப்பா வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "வாங்க தாயி, புள்ளைக்குப் பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் கெஞ்சினேன். "இந்தா ஆயிரும் பாப்பா" என்றார். அவர் முகம் வெளிறிப்போய் இருந்தது. எனக்கு அழுகையாக வந்தது.

அப்போது மாமா பெரிய பையைச் சுமந்துகொண்டு பைக்கில் வந்து இறங்கினார். அந்த ஊரில் நாலைந்து வீடுகளுக்குப் பார்சல். எல்லாம் திருவிழாவுக்காகப் பிள்ளைகளுக்கு வரவழைத்தவை. ஒரு வீட்டுக்கும் கதவு எண் கிடையாது.

"மச்சான், இந்த ஊரு ஒங்களுக்குத் தண்ணி பட்ட பாடுல்ல? வீட்டச் சொல்லுங்க."

அப்பா பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பெயரைப் படித்தார். பெட்டியின் மேலேயே துப்பாக்கிப் படம் போட்டிருந்தது. "இது ரைஸ்மில்லுக்குப் பின்னாடி, பச்சைக் கேட்டு. இவுக தண்ணித் தொட்டிக்கிட்ட. இந்தப் பயலுக்குப் போன வருசம் நாந்தான் குடுத்தேன், ரெண்டே நாள்ல ஒடைச்சுட்டான்" என்று சிரித்துக்கொண்டே எல்லா வீட்டுக்கும் வழி சொன்னார். நான் மாமாவை ஓரமாக இழுத்து, அப்பா இன்னும் போணி பண்ணவில்லை, சாப்பிடவும் இல்லை என்று சொன்னேன். மாமா தூக்குவாளியைப் பார்த்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அழுகிற பையனை இழுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். பேரம்கூடப் பேசாமல் ஒரு பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கினார். அப்பா காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துப்பாக்கிகளின் மேல் அதை ஒருமுறை சுற்றிப் பையில் போட்டார். நான் குதித்தேன். அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து தயிர்ச்சோற்றைப் பிசைந்தார். இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார், அதற்குள் இன்னொரு பெண் இன்னொரு பையனோடு வந்து நின்றார். அவரும் வாங்கினார். காசை நான் வாங்கி வைத்தேன். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாவதாகவும் ஒரு பெண் வந்தார். கையில் பெண் குழந்தை. "நல்ல துப்பாக்கியாக் குடுங்கண்ணே. ஆர்டர் போட்டது வரலையாம். வண்டி வரலன்னு பார்சல்காரத் தம்பி வந்து சொல்லிட்டுப் போகுது. புள்ள உருண்டு பொரண்டு அழுகுறா" என்றார்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு அந்த அம்மா வந்த திசையைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டித் தெரு. கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்து, நான் எடுத்து நீட்டிய துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் கயிற்றில் மாட்டினார்.

"பார்சல் வந்துரும்க்கா. இப்பவே வந்துரும். ரெண்டு செலவு எதுக்கு? வீட்டுக்குப் போங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த ஆளைத் திருப்பி அனுப்பும் வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

மாமா கோயிலுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அப்பா நேரே அங்கே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். மாமாவின் பை கொஞ்சமும் இளைக்கவில்லை. மாமா எழுந்து நின்றார். அப்பா சத்தம் போடவில்லை. "மாப்ள, அந்தந்த வீட்டுல கொண்டு போய்க் குடுத்துரு. பிராது கிராது போயி வேல போயிரும். வீட்டுல அந்தப் புள்ள வயித்துப் புள்ளையோட இருக்கு" என்றார். வாங்கிய காசை எடுத்து மாமா கையில் வைத்தார். "மொத ரெண்டு வீட்டுலயும் இதக் குடுத்துரு. துப்பாக்கி புள்ளைககிட்டயே இருக்கட்டும்."

"மச்சான், நீங்க சாப்புடணும்னுதான்..." என்று மாமா ஆரம்பித்தார். மாமா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிற்பாடு அம்மா விளக்கிச் சொல்லித்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. பார்சலைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வரவில்லை என்று வீடு வீடாகச் சொல்லி, அந்தப் பிள்ளைகளை மாமா எங்கள் கடைக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். சொந்தக்காரன் காசு போணியாகாது என்பதால் அந்நியர்களின் காசுக்கு இப்படி ஏற்பாடு செய்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் வழி சொன்னதே அப்பாதான் என்பதை மட்டும் மறந்துவிட்டார். வந்தவர்கள் யார் யார் என்று அப்பாவுக்குத் தெரியாதா? பிள்ளைகள் தன் துப்பாக்கியைத் தேடி வரவில்லை, வேறு வழியில்லாமல் வந்தார்கள் என்பதை ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என் அப்பா.

அன்று பொழுது சாயும் முன்பே அப்பா கடையைக் கட்டினார். பலகையிலிருந்த பலூன்களையெல்லாம் அவிழ்த்து, நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் இன்னோர் ஊரில் பொங்கல் இருந்தது. அதற்கு அவர் போகவில்லை. அப்புறம் எந்த ஊர்ப் பொங்கலுக்கும் போகவில்லை. ஒரு மில்லில் லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். மாமா வேலையில் நிலைத்துவிட்டார். இருவரும் கடைசி வரை பாசமாகத்தான் இருந்தார்கள். அந்தப் பொங்கலைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அன்று ஊர் திரும்பும்போது பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்பாவோடு பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு நேரம் காத்திருந்து, ஆள் வந்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டாரே என்று எனக்குக் கோபம். இருபுறமும் கருவேலங்காடு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா காலுக்கிடையில் மூட்டையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லச் சாய்ந்து என் தோளில் தலையை வைத்தார். ஒருநாளும் அவர் அப்படிச் செய்ததில்லை. அலைச்சலில் தூக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"தள்ளி உக்காருங்கப்பா, வேர்க்குது" என்றேன்.

அவர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.