நெய் படாத சட்டி

என் மூத்த மகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக யாரை நிறுத்துவது என்பதில் எங்கள் வீட்டில் மூன்று வாரம் சண்டை நடந்தது. சண்டை எனக்கும் என் மாமியாருக்கும். என் கணவர் வழக்கம்போல ஊமையாகிவிட்டார்.

நான் கேட்டது, என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த பாட்டு டீச்சரை. வெள்ளைக்கார அம்மாள். பிறப்பால் யூதர், இளவயதில் தானே விரும்பிக் கத்தோலிக்கரானவர். அவர் நாட்டில் யூதர்களை வாழவிடாமல் அடித்தபோது, நீ எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று யாரும் விசாரிக்கவில்லை. அவரையும் சேர்த்தே துரத்தினார்கள். யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கன்னியாஸ்திரிகளின் தயவில் மதுரைக்கு வந்து, தெப்பக்குளத்துப் பக்கம் எங்கள் தெருக்கோடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். ஜெபப்புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர். கத்தரிக்காய்க்காரியிடம்கூட, "அம்மா, இதன் விலையை அருளிச்செய்வாயாக" என்பார். அவளும் பயந்துபோய் விலையைக் குறைத்துவிடுவாள்.

எனக்குத் தாய்வீடு இல்லை. பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பிறகு காய்ச்சல் கண்டு நான் பிதற்றிக்கொண்டு கிடந்தபோது, நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டவர் டீச்சர்தான். மாமியாரும் அதைப் பார்த்தார். பார்த்தும் மனம் இளகவில்லை.

காரணம் பன்றிக்கறி. எங்கள் சொந்தத்தில் ஞானஸ்நான விருந்தென்றால் பன்றிக்கறி இருந்தாக வேண்டும். யூதர்களின் பழைய சட்டப்படி டீச்சர் அதைத் தொடமாட்டார். ஆட்டுக்கறியையும், முறையாக அறுத்து இரத்தம் வடித்தது என்று பள்ளிவாசல் தெரு பாய் கடையில்தான் வாங்குவார். கறிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி. இரண்டும் ஒரே வேளையில் அவர் தட்டுக்கு வராது.

"நம்ம வேதத்துல சேந்தா முழுசாச் சேரணும். ஒரு காலு இங்கிட்டு, ஒரு காலு அங்கிட்டா? எம் பேத்திக்கும் இதைத்தான சொல்லிக்குடுப்பாக?" என்றார் மாமியார்.

"பன்னிக்கறி தின்னாத்தான் மோட்சமுன்னு எந்தப் பூசையில சொன்னாக, அத்தை?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அன்று கஞ்சி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

மாமியார் வழக்கைப் பங்குச்சாமியாரிடம் கொண்டுபோனார். சாமியார் மாமியாரையும் என்னையும் டீச்சரையும் வரச்சொன்னார். பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பாவம் என்று உபதேசியார் ஏற்கெனவே தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். சாமியாரும் அப்படியே சொல்லிவிட்டால், அதன் பிறகு டீச்சர் கோயிலில் எப்படித் தலைகாட்டுவார்? என்னால் அவர் இரண்டாம் தடவை துரத்தப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

சாமியார் டீச்சரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதையெல்லாம் கடைப்பிடிக்காவிட்டால் மோட்சம் கிடைக்காது என்று நம்புகிறீர்களா?"

"இல்லை, சுவாமி. மோட்சத்தை நம்முடைய ஆண்டவர் தருகிறார். ஆனால் என் தாயார் இன்னும் யூத மார்க்கத்தில் இருக்கிறார். நான் ஞானஸ்நானம் பெற்ற நாளில் அவர் அழுதார், என்னைச் சபிக்கவில்லை. 'உன் வீட்டில் நான் சாப்பிடும்படியாக உன் பாத்திரங்களை வைத்துக்கொள்' என்று மாத்திரம் கேட்டார். இரண்டு வருஷமாய்க் கடிதம் இல்லை. அவர் வரும்போது என் சட்டி சுத்தமாயிருக்க வேண்டும்."

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மாமியாரைப் பார்த்து, "பன்றிக்கறி தின்னச் சொல்லித் திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தமாதிரி பதினொன்றரைக்கு வராதீர்கள்" என்றார்.

மறுநாள் காலையில் மாமியார் தானே போய் ஒரு புது மண்சட்டி வாங்கிவந்தார். சனிக்கிழமை பாய் கடைக்கும் அவரே போய், டீச்சர் வாங்கும் கறி எது என்று விசாரித்துவிட்டு வந்தார். விருந்தன்று கொல்லையில் பெரிய அண்டாவில் பன்றிக்கறி கொதிக்க, அடுப்படியில் புதுச்சட்டியில் ஆட்டுக்கறி தனியாகக் கொதித்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட யாரையும் விடவில்லை.

பந்தியில் டீச்சருக்குத் தன் கையாலேயே பரிமாறினார். எங்கள் வீட்டில் பெரிய மரியாதை என்றால் நெய்தான். சோற்றின் மேல் குழம்பை ஊற்றி, அதன் மேல் ஒரு கரண்டி நெய்யை மணக்க மணக்க விட்டார். டீச்சரின் கை இலைக்கு மேலேயே நின்றது. பந்தி மொத்தமும் அவரையே பார்த்தது. ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு சோற்றில் கை வைத்தார். மாமியார் மனம் நோகக்கூடாது என்று சாப்பிடத் துணிந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று.

"அத்தை, நெய் பாலுலதான வருது!" என்று கத்திவிட்டேன்.

மாமியார் விழித்தார். புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அட மாதாவே! இம்புட்டும் பாத்துப் பாத்துச் செஞ்சு நானே கெடுத்துப்புட்டேனே!"

"பாதகமில்லை, அம்மா. நான் இதைப் புசிப்பேன்" என்றார் டீச்சர்.

"நீங்க ஒண்ணும் புசிக்க வேணாம். அதை நான் புசிக்கிறேன்" என்று மாமியார் அந்த இலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு புது இலை போட்டார். "நாளைக்கு உங்க அம்மா வந்து, எம் மகளுக்கு என்னத்தப் போட்டீகன்னு கேட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்லுவேன்?"

டீச்சர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், மூன்று தடவை சோறு கேட்டு வாங்கினார். எனக்கு என் மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிடிக்கவில்லை, அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை.

டீச்சரின் அம்மா வரவே இல்லை. இனி வரமாட்டார் என்ற செய்தி யுத்தம் முடிந்த பிறகுதான் வந்தது. அதற்குச் சில மாதம் கழித்து, ஒருநாள் அவசரத்தில், டீச்சருக்குக் கறி ஆக்குவதற்கென்றே தனியாக வைத்திருந்த அந்தச் சட்டியில் நான் பால் ஊற்றப் போனேன். மாமியார் ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"இனி யாருக்கு அத்தை? அவுக அம்மாதான் இல்லையே" என்றேன்.

மாமியார் சட்டியை முந்தானையால் துடைத்து, பரணில் அதன் இடத்திலேயே வைத்தார். "டீச்சரம்மா இருக்காகல்ல. இனிமே அம்மா வீடுன்னு அவுக வேற எங்க போவாக?" என்றார்.