பன்னிரண்டு ஃபிளாப்பியில் முந்நூறு கால்

செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் இருபத்தேழு வருஷமாக வேலை பார்த்த அந்தப் பெண்மணியை ஆஸ்பத்திரி முழுக்கக் ‘காலக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாவுக்கட்டுத் தூள் படிந்த கண்ணாடி, காதில் செருகிய பென்சில், மூக்குக்கு மேல் கோபம். ஒவ்வொரு நோயாளிக்கும் நாற்பது அளவுகள் எடுத்து, பழைய கணினியில் ஏற்றி, ஃபிளாப்பியில் பதிந்து வைப்பார். கால் உடைந்தால் அதே அளவில் இன்னொன்று செய்துவிடலாம்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கணினி புகைந்து செத்துப்போனது. கணினிப் பிரிவு அதிகாரி புதியது ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஃபிளாப்பி நுழைய வாயே இல்லை.

“பழைய அளவெல்லாம் எப்படி சார் பாக்குறது?”

“அது போனது போனதுதான் மேடம். எல்லாரையும் வரச் சொல்லி லெட்டர் போட்டாச்சு. புதுசா எடுத்துக்கோங்க.”

காலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முந்நூறு பேரு சார்! கால் இல்லாதவங்களை அலைய விட எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?”

அவர் போனைப் பார்த்தபடியே போய்விட்டார்.

வியாழக்கிழமை ஒரு தையல்காரர் மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தார். செயற்கைக் கால் வெடித்து, ஊன்றுகோல்தான் கதியாக இருந்தது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“போன வருஷம்தானேம்மா நாள் பூரா நிக்க வெச்சு அளவெடுத்தீங்க? அதுக்குள்ள தொலைச்சுட்டீங்களா?”

காலக்கா கூனிக் குறுகிப் போனார். தொலைத்தது அவர் இல்லையே! பன்னிரண்டு ஃபிளாப்பிகளும் அலமாரியில் பத்திரமாக இருந்தன.

மதியமே மச்சினரின் அச்சகத்துக்கு ஓடினார். அங்கே சும்மா கிடந்த, யூ.எஸ்.பி.யில் மாட்டும் ஃபிளாப்பி டிரைவை வாங்கிவந்து புதுக் கணினியில் சொருகினார். அளவுகளைத் திறக்கும் மென்பொருள் பழைய இயங்குதளத்தில்தான் ஓடும் என்பதால், அது இருந்த ஃபிளாப்பியைப் போட்டு சுவிட்சைத் தட்டினார். கணினி அதைச் சட்டை செய்யாமல் தன் பாட்டுக்குப் புதுத் திரையையே காட்டியது. கணினி கிளம்பும்போதே வரும் தொடக்க அமைப்புக்குள் போய்ப் பாதுகாப்புப் பூட்டை எடுத்துவிட்டுப் பழைய முறைக்கு மாற்ற வேண்டும் என்று மச்சினர் போனில் சொன்னார். உள்ளே போனால் பாஸ்வேர்ட் கேட்டது. அது அதிகாரியிடம் இருந்தது.

“தர முடியாது மேடம். பாதுகாப்பு விதி. வெளியாள் யாராவது உள்ள புகுந்துட்டா?”

“நெட் ஒயரைப் பிடுங்கிட்டேன். ஜன்னல் வழியாவா வருவான்?”

“விதின்னா விதிதான்.”

பட்டறையில் காத்திருந்த தையல்காரரைக் காலக்கா சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, நேராகப் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“இவரையே கேளுங்க மேடம். இவரோட அளவு என் அலமாரில இருக்கு. ஒரே ஒரு பாஸ்வேர்டுக்காக இந்த மனுஷனை மறுபடியும் நாள் பூரா நிக்க வைக்கணுமாம்!”

டாக்டரம்மா தையல்காரரைப் பார்த்தார். பிறகு அதிகாரியைக் கூப்பிட்டார். பத்தாவது நிமிஷம் அவர் உம்மென்ற முகத்தோடு பட்டறைக்கு வந்து பாஸ்வேர்டைத் தட்டினார்.

டிரைவ் கரகரவென்று இரைந்தது. திரை கறுத்தது, வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கின. காலக்காவின் விரல்கள் கட்டளைகளைத் தாமாகவே அடித்தன. அடுத்த ஃபிளாப்பியைப் போடச் சொன்னது, போட்டார். தையல்காரரின் நாற்பது அளவுகளும் வந்து நின்றன.

“இதாம்மா என் கால்!” என்று அவர் சிரித்தார்.

ஒரே ஒரு ஃபிளாப்பி மட்டும் பூஞ்சை பிடித்துத் திறக்கவில்லை. அதிலிருந்த இருபத்தாறு பேருக்குக் காலக்காவே போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். மற்றவர்களுக்கு, வர வேண்டாம் என்று கடிதம் போனது. தையல்காரருக்குப் பதினோராம் நாள் கால் தயாரானது.

மாதக் கூட்டத்தில் அதிகாரி எழுந்து, “எங்க பிரிவு எல்லா டேட்டாவையும் மீட்டுடுச்சு” என்றார்.

“எங்க பிரிவா?” காலக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “போனது போனதுதான்னு சொன்னது யாரு? பூட்டிட்டுச் சாவியைத் தர மாட்டேன்னது யாரு? அதையும் சேத்துச் சொல்லுங்க சார்.”

ஆனாலும் கூட்ட அறிக்கையில் அதிகாரி சொன்னதுதான் பதிவானது. அன்றிலிருந்து காலக்கா ஒவ்வொரு நோயாளியின் அளவையும் காகிதத்தில் அச்சடித்து அவர் கையிலேயே கொடுக்க ஆரம்பித்தார். அது ரகசியத் தகவல், வெளியே தரக்கூடாது என்று அதிகாரி ஆட்சேபித்தார்.

“அவங்க காலு சார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த தாளை அச்சுக்குக் கொடுத்தார் காலக்கா.