மிளகின் வயிற்றை அளந்தவர்கள்

பொடிசு ஜெயித்தவை கொஞ்சமில்லை. ஆறு வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. இந்தப் பெண் இனித் தடி இல்லாமல் நடக்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்தார்கள். ஒன்பது வயதில் தடியைப் பரணில் போட்டுவிட்டு நடந்தாள். நாய் வளர்ப்பவர்களுக்கு வீடு கிடையாது என்று மூன்று வீட்டுக்காரர்கள் துரத்தினார்கள். நான்காவது வீட்டுக்காரர் ஆறு நாய்களோடு வாடகைக்கு விட்டார். அடுத்த ஈற்றில் தனக்கும் ஒரு குட்டி வேண்டும் என்று வந்து நின்றார். நாய்க் கண்காட்சி மைதானத்தில் கோட்டு போட்ட ஆண்கள் தங்கள் நாய்களோடு மிடுக்காக ஓடியபோது இவள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடினாள். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்தடுத்து மூன்று வருடம் முதல் கோப்பை இவளுடைய கறுப்பு லாப்ரடாருக்கே போனது. தாயை இழந்த எட்டுக் குட்டிகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால் புகட்டி எட்டையும் பிழைக்க வைத்தாள்.

இதையெல்லாம் வருடத்தோடு மனதில் வைத்திருப்பவள் அக்கா. பொடிசிடம் கேட்டால், "அந்தக் கோப்பையா? அதுல நாய் சீவுற சீப்பைப் போட்டு வச்சிருக்கேன்" என்பாள்.

அக்கா தையல்காரி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் அவள் வெட்டிய ரவிக்கை ஒரு நூல் பிசகி யாரும் பார்த்ததில்லை. முன்னறையில் ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின். பின்னறை முழுக்கப் பொடிசுக்கும் நாய்களுக்கும். அங்கே சுவரோரம் மரப்பலகையில் செய்த பெட்டி ஒன்று இருந்தது. தாய் புரளும்போது குட்டிகள் நசுங்காமல் இருக்க, உள்பக்கம் நாலு புறமும் கம்பு அடித்த பெட்டி. அதற்குள் விரிக்கப் பழைய படுக்கை விரிப்புகளை நாலாக மடித்துத் தைத்துக் கொடுப்பது அக்காவின் வேலை.

கோப்பை வாங்கிய கறுப்பு நாயின் பெயர் மிளகு. ஏழு வயது. அந்த வருடம் போடும் ஈற்றுதான் கடைசி, அதன் பிறகு அவளுக்கு ஓய்வு என்று பொடிசு முன்பே முடிவு செய்திருந்தாள். ஜூலை பத்தாம் தேதி இணை சேர்த்தார்கள். இருபத்தெட்டாம் நாள் காலை மிளகை நிற்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கை விரல்களாலும் அடிவயிற்றை மெல்லத் தடவினாள் பொடிசு. அந்த நாளில் கருக்கள் கோத்த மணிபோல விரலுக்குத் தட்டுப்படும். அந்த வித்தையில் அவளுக்கு ஊரெல்லாம் பெயர். நாலு என்றால் நாலு. ஏழு என்றால் ஏழு.

"அஞ்சுக்கா," என்றாள். பிறகு இன்னொரு முறை தடவினாள். "அஞ்சுதான்."

இரண்டு நாள் கழித்து மற்ற நாய்களுக்கு ஊசி போட டாக்டரம்மா வந்தார். மிளகின் ஈறுகளைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார்.

"ஒரு ஸ்கேன் எடுத்துடலாமே, பொடிசு. வயசாயிடுச்சு இவளுக்கு."

"எதுக்கு டாக்டரம்மா? மெஷின் பண்றத என் விரல் பண்ணுது."

"விரல் உள்ள ஏதோ இருக்குன்னு சொல்லும். அது உயிரோட இருக்கான்னு சொல்லுமா?"

பொடிசு சீப்பை எடுத்து மிளகின் முதுகைச் சீவ ஆரம்பித்தாள். சீவிய இடத்தையே திரும்பத் திரும்பச் சீவினாள். டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா மிஷினில் நூல் கோக்கிறவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்காவுக்குக் காரணம் தெரியும். பதினொரு வருடம் முன்பு பொடிசுக்கு ஐந்தாம் மாதம். கணவன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். ஸ்கேன் அறைக்குள் அக்காதான் கூடப் போனாள். படம் எடுத்த பெண் முதலில் பேசிக்கொண்டே எடுத்தாள். நடுவில் பேச்சு நின்றது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "வெளிய போய் டாக்டரைக் கூப்பிடறேன்" என்று எழுந்து போனாள். அதற்குப் பிறகு எல்லாமே தாளில் நடந்தது. எங்கே கையெழுத்து என்று கேட்டார்கள். காய்ச்சலில் பள்ளிக்கூடம் விட்டுப்போன பொடிசு படுத்திருந்தாள், எழுதத் தெரியாதவள். அக்கா வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கணவன் வந்தான், ஒரு வாரம் இருந்தான், மறுபடி லாரியில் ஏறியவன் வரவே இல்லை. பொடிசு முதல் நாயை வாங்கியது அதற்கு அடுத்த வருடம். அந்த ஸ்கேன் அறையைப் பற்றி அக்கா தங்கை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

டாக்டரம்மா போன பிறகு, அக்கா இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். சினையான நாய்க்கு வாரம் ஒருமுறை இடுப்பு அளந்து எழுதி வைப்பது அவள் ஏற்படுத்திய வழக்கம். போன வாரம் இருபத்தேழு இருந்தது. இப்போது இருபத்தெட்டரை.

"வளருது," என்றாள் அக்கா.

பொடிசின் முகம் தெளிந்தது. "பாத்தியா? மெஷின் எதுக்கு? எங்க அக்கா டேப் போதும்."

"டேப் பொய் சொல்லாது," என்றாள் அக்கா.

அந்த மூன்று சொல்லை அவள் பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்துக்கொண்டாள். ஸ்கேன் எடுப்போம் என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினொரு வருடத்து அறைக்கதவைத் திறக்கவேண்டி வரும் என்று அவளுக்குப் பயம். அளவு எடுத்துச் சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

முப்பத்தேழாம் நாள் இடுப்பு முப்பத்தொன்று. அக்கா அந்த எண்ணை எழுதி அடியில் கோடு போட்டாள். குட்டி வாங்கப் பெயர் சொல்லி வைத்திருந்த ஒருவர் போன் செய்து, ஸ்கேன் படம் இருந்தால் அனுப்பச் சொன்னார். "கல்யாண ஆல்பமா சார் அது? பொறந்த பிறகு நேர்ல வந்து பாருங்க," என்று பொடிசு சிரித்துக்கொண்டே சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, முகத்தில் ஒட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. அக்கா அதைக் கவனித்தாள்.

மிளகு சாப்பாட்டில் பாதியை விட ஆரம்பித்தாள். வயிறு இடிக்கிறது, அதனால்தான் என்றாள் பொடிசு. விரலுக்கு மணிகள் தட்டுப்படவில்லை. ஐந்து வாரம் தாண்டினால் நீர் கோத்துக்கொண்டு எப்போதும் அப்படித்தான் என்றாள். இரண்டுமே உண்மைதான், முந்தைய ஈற்றுகளிலும் அப்படித்தான் இருந்தது. அதனால் அக்காவும் தலையாட்டினாள்.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் மிளகு தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா நிரப்பினாள். மறுபடி காலி. ஒரு ரவிக்கைக்குக் கை தைத்து முடிப்பதற்குள் நாலு தடவை நிரப்பியாகிவிட்டது. ஐந்தாவது தடவை குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தாள். பொடிசு வேகவைத்த கோழித் துண்டைக் கையில் வைத்து நீட்டினாள். மிளகு மரியாதைக்கு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா டேப்பை எடுக்கவில்லை. தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஸ்கேனுக்குப் போகலாம், பொடிசு."

"நீ வேற. சூடு ஜாஸ்தியா இருக்கும். மோந்து பாக்கறா இல்ல, நாளைக்குச் சாப்பிடுவா."

"நாளைக்கு வேணாம். இப்பவே."

"டேப் பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்னே?"

"துணியைப் பத்தித்தான் எனக்குத் தெரியும். வயித்துக்குள்ள என்னன்னு டேப்புக்கு என்ன தெரியும்? நான் சொன்னது தப்பு."

பொடிசு மிளகின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "உள்ள ஒண்ணும் அசையலன்னா?" என்றாள்.

"அசையலன்னா தெரிஞ்சுக்கலாம்."

"தெரிஞ்சு?"

"இவளையாவது பாக்கலாமே."

"அன்னைக்கு அந்தப் பொண்ணு திரையைத் திருப்பிட்டாக்கா. நான் பாக்கவே இல்ல. நீ பாத்தியா?"

அக்கா பார்த்திருந்தாள். திருப்புவதற்கு முன் ஒரு கணம். சாம்பல் நிறத்தில், கை மடக்கிக்கொண்டு, அசையாமல். பதினொரு வருடம் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்," என்றாள்.

"எப்படி இருந்துச்சு?"

"தூங்கற மாதிரி இருந்துச்சு. உன் நெத்தி."

பொடிசு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஆட்டோவைக் கூப்பிடு," என்றாள். "பெரிய ஆட்டோவா சொல்லு. இவ மடக்கி உக்கார மாட்டா."

டாக்டரம்மாவின் கிளினிக் மாடியில் இல்லாதது ஒரு புண்ணியம். இருவரும் மிளகை விரிப்போடு தூக்கிக்கொண்டு போனார்கள். வயிற்றில் ரோமத்தை மழித்து, குளிர்ந்த ஜெல் தடவினார்கள். மிளகு எதற்கும் தலையைத் தூக்கவில்லை. டாக்டரம்மா கருவியை எடுத்தபோது பொடிசு சொன்னாள்:

"திரையை என் பக்கம் வைங்க, டாக்டரம்மா."

"பொடிசு, முதல்ல நான் பாத்துட்டு..."

"என்ன இருந்தாலும் பரவால்ல. என் பக்கம் வைங்க."

டாக்டரம்மா திருப்பி வைத்தார். திரையில் கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. ஒன்றையொன்று ஒட்டி, பெரிது பெரிதாக. எதிலும் துடிப்பு இல்லை. கருவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. பொடிசு கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி இல்லை," என்றார் டாக்டரம்மா மெதுவாக. "இதெல்லாம் சீழ். கர்ப்பப்பை முழுக்கச் சீழ் கட்டியிருக்கு. கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டதால வெளிய வரல. உங்க விரலுக்குத் தட்டுப்பட்டது இந்த வீக்கம்தான்."

"அஞ்சு..." என்றாள் பொடிசு.

"யார் விரலா இருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். என் விரலும் தொட்டுப் பாத்துட்டுத்தானே போச்சு."

"அன்னைக்கே எடுத்திருந்தா?"

டாக்டரம்மா ஜெல்லைத் துடைத்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "அன்னைக்குச் சின்னதா இருந்திருக்கும்," என்றார். பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னார். கிட்னி தளர்ந்துவிட்டது. இப்போதே வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தால் பிழைக்க வழி உண்டு, பாதிக்குப் பாதி. மேஜையிலேயே போகவும் கூடும். எடுக்காமல் மருந்து ஏற்றினால் இன்று வலியில்லாமல் தூங்குவாள், ஆனால் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ரொம்ப நேரம் யோசிக்க முடியாது.

பொடிசு மிளகின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். நாய் அவள் மோவாயை ஒருமுறை நக்கியது.

"எடுத்துடுங்க," என்றாள். "இவ எனக்கு இருபத்துமூணு குட்டி பெத்துக் கொடுத்திருக்கா. இனி அவளுக்கு எதுக்கு அது."

உதவியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். ஆபரேஷனில் என்ன ஆனாலும் சம்மதம் என்று எழுதியிருந்தது. கண்ணாடி போட்டிருப்பவள் அக்கா என்பதால் அவளிடம் நீட்டினார். அக்கா வழக்கம்போலப் பேனாவை வாங்கினாள். எந்தத் தாளாக இருந்தாலும் தங்கைக்காக அவள்தான் போடுவாள். வீட்டு வாடகைப் பத்திரத்திலிருந்து, குட்டிகளைப் பதிவு செய்கிற படிவம் வரைக்கும்.

"குடுக்கா," என்றாள் பொடிசு. "நான் போடறேன்."

"உனக்கு..."

"அன்னைக்கு நீ எதுல போட்டேன்னு எனக்குத் தெரியாது. இது எனக்குத் தெரிஞ்சு போடணும். முதல்ல படிச்சுச் சொல்லு."

அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இறக்க நேரிட்டால் என்ற வரியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பொடிசு காத்திருந்தாள். முழுவதும் கேட்டு முடித்துவிட்டு, மேஜை ஓரத்தில் தாளை வைத்து, இடது காலில் பாரம் விழாமல் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் பேனாவைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து எழுதினாள். உதவியாளர் அவசரப்படுத்த வாயெடுத்தார்; டாக்டரம்மா கையமர்த்தினார்.

"எப்பக் கத்துக்கிட்டே?" என்று கேட்டாள் அக்கா.

"குட்டிங்க படிவத்துல நீ என் பேரை எழுதுவியே. பாத்துப் பாத்து, தரையில விரலால எழுதுவேன். பேப்பர்ல இன்னைக்குத்தான்."

எழுத்துகள் அக்காவின் எழுத்தைப் போலவே வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் நடந்தது. மிளகு மேஜையில் போகவில்லை. கண் விழித்தாள், குரல் கேட்டு வாலின் நுனியை இரண்டு தரம் அசைத்தாள். மறுநாள் காலை கிட்னி நின்றுவிட்டது. பொடிசு அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். பெட்டிக்கென்று தைத்து வைத்திருந்த விரிப்பில் சுற்றி எடுத்துப்போனார்கள்.

சில நாள் கழித்து அக்கா கிளினிக்குக்குத் தனியாகப் போனாள். சம்மதத் தாளின் நகல் கிடைக்குமா என்று கேட்டாள். எதற்கு என்று டாக்டரம்மா கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மடிப்பு விழாமல் அட்டை வைத்து எடுத்துவைத்தாள். அடியில் தங்கையின் பெயர், தங்கையின் கையால். அதன் கீழே உதவியாளர் போட்ட தேதி: 2014 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை.