கிருமிகளை மன்னித்த ஞானகுமாரி

வேலையிலிருந்து வந்த ஞானகுமாரி வாசல் குழாயடியில் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். பிறகு செருப்பு, கேட்டின் தாழ்ப்பாள், கடைசியில் அந்தக் குழாயின் திருகு. தனியார் மருத்துவமனை ஒன்றில் வார்டு ஆயா. அண்ணனூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர்.

அவருடைய பெண் நாய் மிட்டாயும் இதற்குத் தப்பியதில்லை. தெருவுக்குப் போய் வந்தால் போதும், கிருமிநாசினி கலந்த தண்ணீரில் பின்பக்கத்தைக் கழுவிவிடுவார். “கொயந்த மாதிரி வெச்சிகினு கீறேன்” என்பார். ஆனாலும் மிட்டாய்க்குப் பிறப்புறுப்பில் அடிக்கடி சீழ் வடியும். மருந்துக்கடையில் கேட்டு ஏதாவது மாத்திரை கொடுப்பார். நிற்கும், மறுபடி வரும். இரண்டு முறை சினை கலைந்தது. இரண்டாம் முறை ஞானகுமாரி வேலைக்குப் போகவில்லை. நாயை மடியில் கிடத்தி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான்தான் ஆவடியில் இருக்கும் கால்நடை மருத்துவர் பவ்யாவிடம் கூட்டிப்போனேன். அவர் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று, “தினமும் கழுவுறீங்களாம்மா?” என்று கேட்டார்.

ஞானகுமாரி பெருமையாகத் தலையாட்டினார்.

“அங்க நல்ல பாக்டீரியாவும் இருக்கும்மா. அது இருந்தாத்தான் கெட்டதுக்கு இடம் கிடைக்காது. மருந்துத் தண்ணியும் கண்ட மாத்திரையும் நல்லதையும் சேத்து அழிச்சிடுது. சினை கலைஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.”

“அப்போ நாந்தான் கெடுத்தேனா டாக்டரு?”

“தெரியாமத்தானே செஞ்சீங்க. இந்த மருந்தை மட்டும் முழுசாக் குடுங்க. கழுவாதீங்க. அதுவே நக்கிச் சுத்தம் பண்ணிக்கும்.”

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது ஞானகுமாரி மருந்துப் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். மருந்து கொடுப்பது சுலபமாக இருந்தது, கழுவாமல் இருப்பதுதான் பெரும்பாடு. மிட்டாய் வெளியிலிருந்து வந்தால் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார். “கண்ணுல பட்டா கை சொம்மா இருக்காது.”

சீழ் நின்றது. சில மாதங்களில் மிட்டாய் மறுபடி சினையானது. வயிறு பெரிதாகப் பெரிதாக ஞானகுமாரி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்னிடம் ஒருநாள், “கிருமி கிருமின்னு தொரத்திகினே இருந்தேன். அதுலயும் நல்லது கீதாம், பாரேன்” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நான்கு குட்டிகள் பிறந்திருந்தன. மாதா கோயில் பூசைக்குக் கிளம்பிய ஞானகுமாரி, வெள்ளைப் பட்டுப்புடவையோடு அவற்றின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தாய் நக்கிய ஈரம் காயாத ஒரு குட்டி, கண் திறக்காமலே ஊர்ந்து வந்து புடவையில் முகம் புதைத்தது. பூசை தொடங்கப்போவதாகக் கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. அவர் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து, தரையில் விரித்துவிட்டார்.