கருப்புப் போன்

ஆளைப் பேசவைக்கிற தொழிலில் இறங்கினால்தான் மனுசன் எம்புட்டுப் பெரிய ஊமை என்று தெரியும். கடை போட்டு அவதிப்பட்டவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். எண்பதுகளில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குக் குடும்பத்தார் வந்து பேசி, கேசட்டை அனுப்புவார்கள்.

வாத்தியார்

வாடிப்பட்டி வாத்தியார் ஒருவர். பள்ளிக்கூடத்தையே அதட்டுகிற தொண்டை. சிங்கப்பூரில் இருந்த மகளுக்குப் பேச வந்தார். மைக்கை நீட்டியதும் "நலம், நலமறிய ஆவல்" என்றார். அப்புறம் வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். அரை மணி நேரம் கழித்து எழுந்து சொன்னார்: "மைக்கு என்னையவே மொறைச்சுப் பாக்குதுப்பா, எப்படிப் பேசுறது?"

மாமியார்

பழைய சாமான் கடையில் செத்துப்போன கருப்புப் போன் ஒன்று கிடைத்தது. பேசுகிற பக்கத்தில் மைக்கை ஒளித்துவைத்தேன். எதிர்ப்பக்கம் யாருமில்லை என்று சொல்லித்தான் கொடுப்பேன். ஆனாலும் போனைக் காதில் வைத்ததும் கூச்சம் எங்கே போகுமோ தெரியாது. வைதார்கள், கொஞ்சினார்கள், அழுதார்கள்.

ஒரு அக்கா, மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே, மஸ்கட்டில் இருந்த புருசனிடம் அந்த மாமியாரைப் பற்றிக் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. சண்டை வந்துவிடும் என்று நான் பதிவை நிறுத்தப் போனேன். மாமியார் நிதானமாய்க் கையை நீட்டினார்: "முடிச்சிட்டியா? போனை இங்கிட்டுத் தா."

சுவர்

உசிலம்பட்டி விவசாயி ஒருவர் வந்தார். அவர் வீட்டம்மா பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தார். அடுத்த வாரம் ஆபரேசன். அதற்குள் மகனைப் பார்க்கணும் என்று அந்தம்மாவுக்குத் தவிப்பு. மகனோ, அப்பா வாயால் கூப்பிட்டால்தான் வருவேன் என்று பிடிவாதம். பாகம் பிரித்த சண்டையில் அப்பனும் மகனும் பேசி ஆறு வருசமாம்.

போனை எடுத்ததும் முதலில் வைதார். பிறகு குரல் இறங்கியது. "உங்க ஆத்தா உன்னையத்தான் தேடுது. நான் கூப்புடுறேன், வாடா" என்றார்.

எந்த நாட்டுக்கு அனுப்பணும் என்று கேட்டேன்.

"நாடு என்னப்பா நாடு. ஒரே வீடு, நடுவுல ஒரு சுவரு. தபால்ல போட்டுரு."

மகன்

ஆபரேசனுக்கு முந்தின நாள் அந்த மகன் கேசட்டோடு வந்தான். வீட்டில் டேப்ரெக்கார்டர் இல்லையாம். போட்டேன். குனிந்த தலை நிமிராமல் கேட்டான். "வாடா" என்ற இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னான். பதில் பேசுவான் என்று போனை நீட்டினேன், தொடவில்லை. துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ்ணே?"

அரை அடி கனமுள்ள சுவரைத் தாண்ட அந்த ஒரு சொல் ஆரப்பாளையம் வந்து தபாலில் திரும்பிப் போகவேண்டியிருந்தது என்றால், சிங்கப்பூர் ஒன்றும் அம்புட்டுத் தூரமில்லை.