லாரிப் படத்துக்கு வாய் கொடுத்த கதை

1. பாவாவா, மச்சானா?

“பாவாவைத் தூக்குங்க சார். இல்லன்னா உங்களைத் தூக்கிடுவேன்.”

தெலுங்குப் படங்களைத் தமிழாக்கி வெளியிடும் தயாரிப்பாளர் போனில் சொன்னது இது. அவர் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டப்பிங் வசனகர்த்தா அடுத்தவர் வாய்க்குள் உட்கார்ந்து எழுதுகிறவன். தெலுங்கு வசனம் பெரும்பாலும் வாய் திறந்தபடி முடியும். தமிழ் பாதி நேரம் வாயை மூடிக்கொள்ளும். லிப், அதாவது உதட்டசைவு, ஒட்டாவிட்டால் ஹீரோ கொட்டாவி விடுவதுபோல் இருக்கும். டப்பிங் படங்களில் வரிக்கு வரி ‘டா’ வருவது மரியாதைக் குறைவால் அல்ல, இந்தக் கணக்கால்தான்.

படம் ஆக்‌ஷன் காமெடி. சிரிக்கவே தெரியாத ஒரு கலால் இன்ஸ்பெக்டர். சிரிப்பை நிறுத்தத் தெரியாத ஒரு திருட்டு லாரி டிரைவர். கடத்தல் கும்பலைப் பிடிக்க இருவரும் ஒரே லாரியில் போயாக வேண்டும். டிரைவர் வழிநெடுக இன்ஸ்பெக்டரை ‘பாவா’ என்று கூப்பிட்டு, அக்கா புருஷன் முறை கொண்டாடி, உயிரை எடுப்பான். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் திருத்தணியில் பாவா என்றால் யாரும் திரும்பிப் பார்த்து அர்த்தம் கேட்பதில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

“சென்னைல எவனுக்கு சார் பாவா புரியும்? மச்சான்னு போடுங்க.”

“பாவால நடுவுல உதடு அசையுது சார். மச்சான்ல அசையாது.”

“விமர்சனத்துல பாஷையைக் கிழிச்சானுங்கன்னா, அடுத்த படம் உங்களுக்கு இல்ல.”

அவரைத் தவிர என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. இருந்தும் ‘ஆங்’ என்று பிடிகொடுக்காமல் சொல்லிவிட்டு, பாவாவை அப்படியே விட்டுவிட்டேன். வீரத்தால் அல்ல, அவ்வளவையும் திரும்ப எழுதுவதற்குச் சோம்பல்.

2. ஷெட்டில் தணிக்கை

அரக்கோணம் ரோட்டில் இத்ரீஸ் பாய் லாரி மெக்கானிக். அவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். கால் மட்டும் தெரியும். அந்தக் காலுக்கு என் வசனத்தை வாசித்துக் காட்டினேன்.

“இன்னா சார், லாரி ஓட்றானா, நியூஸ் படிக்கிறானா? ‘பிரேக் செயலிழந்துவிட்டது’ன்னு சொல்லிகினு இருந்தா வண்டி பள்ளத்துல பூடும்.”

“வேற எப்படி சொல்லுவான் பாய்?”

“பிரேக்கைப் பத்தியே பேச மாட்டான். ‘சாமி கும்புட்டுக்கோ பாவா’ம்பான்.”

அப்படியே எழுதினேன். லிப் கச்சிதமாக ஒட்டியது.

3. ரிலீஸ்

எங்கள் ஊர்த் தியேட்டரில் காலைக் காட்சிக்கு பாயும் நானும் போனோம். அந்த வரி வந்தபோது தியேட்டர் குலுங்கியது. பின்வரிசையில் ஒருவர், “பொதட்டூர்பேட்டைல என் மச்சினன் இப்டிதான்யா பேசிகினு இருப்பான்” என்றார். பாய் என்னைப் பார்க்காமலே என் தொடையில் ஓர் அடி வைத்தார்.

இடைவேளையில் விமர்சனம் பார்க்கப் போனைத் திறந்தேன். ‘கதை பழசு, சண்டை அதைவிடப் பழசு’ என்றார் ஒருவர். ‘லாரிக்கு இல்லாத பிரேக்கைப் படத்துக்குப் போட்டிருக்கிறார்கள்’ என்றார் இன்னொருவர். பாஷையை யாராவது கிழித்திருக்கிறார்களா என்று தேடித் தேடிப் பார்த்தேன்.

“உங்களத் திட்டிகிறானா சார்?”

“இன்னும் இல்ல பாய்.”

“பாதி படந்தானே ஆச்சு. பொறுங்க.”

படம் முடிந்து வெளியே வந்தபோது, எல்லோரும் பயப்படும் விமர்சகரின் கட்டுரை வந்திருந்தது. மொத்தப் படத்தையும் துவைத்திருந்தார். கடைசிப் பத்தியில்: ‘நம் தமிழ் இயக்குநர்களுக்கு எப்போதுதான் புத்தி வரும்? திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் தங்கி, எல்லைப்புறப் பேச்சை மட்டும் ஒழுங்காகக் கற்றிருக்கிறார் இவர். அப்படியே படம் எடுக்கவும் கற்றிருக்கலாம்.’

இயக்குநருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. பள்ளிப்பட்டை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

தயாரிப்பாளர் போன் செய்தார். “பாத்தீங்களா சார்? நேரடித் தமிழ்ப் படம்னே நெனச்சுத் திட்டியிருக்கார்!” குரலில் அப்படி ஒரு பூரிப்பு. “அடுத்த படத்துல ரெண்டு போலீசு, ஒரு எருமை. திங்கக்கிழமை வந்துடுங்க.”

தம்பிகளே, தங்கைகளே, நம் வேலையில் கைதட்டல் ஹீரோவுக்கு, திட்டு இயக்குநருக்கு. நம் பங்குக்கு ஒன்றும் வராமல் இருந்தால், வேலையைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். அந்த விமர்சனத்தை பிரிண்ட் எடுத்து, ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். என் பெயர் அதில் எங்கும் இல்லை. வருகிறவர்களிடம் நானேதான் விளக்க வேண்டியிருக்கிறது; அதற்குத் தயங்குவதே இல்லை.