காதர் பாயின் வலைப்பூவை அழித்த நாள்

அன்றைக்கு முடிச்சூர் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: காதர் பாயின் மனைவி நூரக்கா, அவர்கள் மகள் ஷாஹினா, நான். பாயையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால், அவருடைய லேப்டாப்.

இன்று காலை சானடோரியம் ஸ்டேஷனில் நின்றபோது, போனில் இடமில்லை என்று பழைய படம் ஒன்றை அழிக்கப் போனேன். 'அழிக்கவா?' என்று கேட்டது. விரல் அப்படியே நின்றுவிட்டது. ரயில் வந்தது, போனது. அடுத்ததில்தான் ஏறினேன்.

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை. பாய் பக்கத்து ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதினார். இப்போதும் எங்காவது சூடான காகிதம் மணந்தால், அவர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஏலக்காய் மென்றுகொண்டே என் ஸ்டூலில் வந்து உட்கார்வது கண்ணுக்குத் தெரியும். அவருக்கு வலைப்பூ எழுத ஆசை. ஜெராக்ஸ் எடுக்க வந்த காட்டாங்குளத்தூர் என்ஜினியரிங் மாணவர் ஒருவர்தான் வழி சொன்னார். ஒரு பதிவுக்கு ஒரு கோப்பு, அதில் வெறும் எழுத்து மட்டும். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் எல்லாம் சேர்ந்து இணையத்துக்கு ஏறிவிடும். பாய்க்குக் கறுப்புத் திரை ஆகாது. "நான் எழுதறேன், நீ ஏத்து மச்சான்" என்று சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் இங்கிலீஷ் கொட்டுகிறதா என்ன? கட்டளைகளை அட்டையில் எழுதி, லேப்டாப் மூடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன்.

அந்தத் திரையில் அழி என்றால் அழித்துவிடும். கேட்காது. தவறிப் போனதைத் திரும்ப எடுக்கக் குப்பைத் தொட்டியும் கிடையாது. இது தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை ஷட்டரைப் பூட்டிவிட்டு ஸ்டேஷன் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து ஆட்டிப் பார்க்கிற ஆள் நான். அதனால் எதை அழிக்கச் சொன்னாலும், ஒவ்வொரு கோப்பாகப் பெயர் சொல்லிக் கேட்கும்படி அமைத்துவைத்தேன். ஆமாம் என்பதற்கு 'ஒய்' எழுத்தைத் தட்டினால்தான் போகும். அதுவும் போதாதென்று எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டேன்.

"இன்னா மச்சான், மெஷினையும் உன்ன மாதிரியே ஆக்கிட்ட! நடுங்கிகினு கீது பாரு. இத யாரு படிக்கப் போறா? நீயும் நானும்தான்" என்று பாய் சிரிப்பார்.

அப்படி நினைத்துத்தான் எல்லாவற்றையும் எழுதினார். தண்ணி லாரி, முதலாளியின் தும்மல், குக்கர் விசில். ஷாஹினாவுக்குப் பேசிய சம்பந்தம் நின்று போனது, அன்று வீட்டில் அடுப்புப் பற்ற வைக்காதது. பிறகு ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். சில மாதம் கழித்து நூரக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஷாஹினாவுக்குக் குரோம்பேட்டைல ஒரு எடம் வந்திருக்கு தம்பி. வந்தவங்க மொதல்ல கேட்டதே, இவ அத்தா வூட்டு விஷயமெல்லாம் எழுதுவாராமேன்னு. முன்ன ஒண்ணு நின்னு போனது வரைக்கும் படிச்சிட்டு வந்திருக்காங்க. எனக்கு எங்க மூஞ்சிய வெச்சிக்கறதுன்னு தெரியல. அழிச்சிடு."

"அந்த ஒண்ண மட்டும் எடுத்துடலாம்க்கா."

"வேற எதுல இன்னா எழுதி வெச்சிருக்காரோ. யாரு படிச்சுப் பாக்கறது? நான் படிச்சா அழிக்க விட மாட்டேன். மொத்தமா எடுத்துடு."

லேப்டாப்பைத் திறந்தேன். எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவே பிஸ்கட் தூள். ஏலக்காய் வாசனை இன்னும் இருந்தது. கட்டளையைத் தட்டினேன். கேட்க ஆரம்பித்தது. நான் அமைத்ததை மீறிக் கேட்காமல் அழிக்கவும் ஒரு வழி உண்டு என்று இப்போது தெரியும். அன்று என் அட்டையில் அது இல்லை. அக்கா திரைப் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் பெயர்களை வாய்விட்டுப் படித்தேன்.

"'லாரி தண்ணி.' அழிக்கவாக்கா?"

"ம்."

"'ஷாஹினா சைக்கிள்.'"

"ம்."

ஷாஹினா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"'நூர் காதில் எறும்பு.'"

"அதையுமா எழுதினாரு அந்த மனுஷன்?" அக்காவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "ம்."

எனக்கு அழுகை வரும் என்று பயந்துகொண்டு போயிருந்தேன். எதுவும் வரவில்லை. பில் கட்டின் மேல் முத்திரை குத்துகிற மாதிரி விரல் மட்டும் குத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் காலியாகிப் போன கோப்புறையை இணையத்தில் ஏற்றினேன். பக்கத்தின் தலையில் பாயின் பெயர் மட்டும் நின்றது. அதையும் எடுத்தேன்.

"வேற எங்கயாச்சும் இருக்கா தம்பி?"

சாவிக்கொத்து மேசை மேல்தான் கிடந்தது. பென் டிரைவைக் கழற்றிச் செருகினேன். அதிலும் ஒவ்வொன்றாகக் கேட்டது. இந்த முறை வாய்விட்டுப் படிக்கவில்லை.

கேட்டைச் சாத்த ஷாஹினா கூடவே வந்தாள். நான் செருப்பு மாட்டும் வரை நின்றாள்.

"மாமா, உங்க கிட்ட இன்னொரு காப்பி இருக்கும் இல்ல?"

"இல்லம்மா."

"சும்மா சொல்லாதீங்க. மூணு எடத்துல வைக்காம உங்களுக்குத் தூக்கமே வராதுன்னு அத்தா சொல்லுவாரு. அத நம்பித்தான் நான் அம்மா கிட்ட வாயத் தொறக்கல."

பாய் கேலிக்காக ஒன்று கூட்டிச் சொல்லியிருக்கிறார். லேப்டாப்பும் பென் டிரைவும், இரண்டு இடம்தான்.

அந்தக் குரோம்பேட்டை இடமே ஷாஹினாவுக்கு முடிந்தது. ஹார்டுவேர் கடையை இடித்துவிட்டார்கள். பாயின் வலைப்பூ முகவரியைத் தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்று வருகிறது. எப்போதாவது ஷாஹினா போன் செய்கிறாள். மாமியார் வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்பாள். வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, "கடை கம்ப்யூட்டர்ல ஒரு தடவ பாருங்க மாமா" என்பாள்.

கடை கம்ப்யூட்டரில் பாயின் கோப்பு எதையும் நான் போட்டதே கிடையாது. ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் இன்றைக்கும் ஒரு தடவை பார்த்தேன்.